பாட்டு முந்தும், பெயர் பிந்தும்

புலவர் பெயர் மறைந்தாலும் பாட்டு மறைவதில்லை என்பதற்குச் சங்க இலக்கியத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. குறுந்தொகை, நற்றிணை முதலிய தொகை நூல்களைத் தொகுத்த சான்றோர்க்குக் கிடைத்த பாடல்களுள் சிலவற்றை இயற்றியவர் இன்னார் என்று தெரியவில்லை. அதற்காக அப்பாடல்களை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. பாட்டினுள்ளே ஒளிவிடும் உவமையையோ தொடரையோ எடுத்து, அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என இன்று நாம் வழங்கும் பெயர்கள் அங்ஙனம் பிறந்தவையே. சுவைஞர் கையில் முதலில் சேர்ந்தது பாட்டு. பெயர் பின்னரே வந்தது. அப்பெயரும் பாட்டே ஈன்ற பெயர்.

ஏட்டில் எழுதிய புலவர்க்கே இந்நிலை என்றால், ஏடறியாத நாட்டுப்புறப் பாடகரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. நாட்டுப் பாடலைக் கட்டிப் பாடிய ஒருவரை, அவர் பாட்டில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்கள் எவ்வாறு கண்டறிந்தனர்? வாய்வழி வந்த பாட்டிலிருந்து அதனை ஆக்கியோன் வரைக்கும் செல்லும் பாதை யாது? இவ்வினாவை யாம் பிறந்து வளர்ந்த மூணாற்று மலையில் நின்று ஆராய முற்படுகின்றோம். பிழைப்புத் தேடித் தாயகம் விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் இம்மலரைப் படிக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இதற்கொரு விடை இருக்கக்கூடும் என்பது எம் நம்பிக்கை.

பெயரறியா மங்கை

மலைவாழ் மக்கள் முதலில் ஒரு நிகழ்ச்சியைப் பாடிவிட்டுப் பின்னர் அதற்குரியவரின் பெயரை அறிந்துகொண்ட வரலாறு ஒன்றைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. வேங்கை மர நிழலில், கணவனை இழந்தவளாய் ஒரு முலை குறைந்து நின்ற மங்கை ஒருத்தியைக் குன்றக் குறவர் கண்டனர். அவள் தன் பெயரைச் சொல்லவில்லை. அவள் விண்புக்கதைக் கண்ட அம்மக்கள், அவளைத் தம் குலதெய்வமாகக் கொண்டு குரவைக் கூத்தாடிப் பாடினர். பின்னர்ப் பேரியாற்றங்கரையில் பாடி செய்திருந்த சேரன் செங்குட்டுவனிடம் தாம் கண்டதைக் கூறினர். அவள் கண்ணகி என்பதையும் அவளுக்கு மதுரையில் நேர்ந்ததையும் உடனிருந்த சாத்தனாரே மன்னனுக்கு எடுத்துரைத்தார். பாடியவர் ஒருவர், பெயர் சொன்னவர் மற்றொருவர் என்பதை நாம் கருத வேண்டும்.

அப்பெரியாறு இன்றும் இடுக்கி மாவட்டத்தில் ஓடுகின்றது. குமுளிக்கு அருகே, கேரளமும் தமிழகமும் கூடும் எல்லையில், மக்கள் கண்ணகி கோட்டம் எனப் போற்றும் மங்கலதேவி கோயில் நிற்கின்றது. ஆண்டுக்கொரு முறை, சித்திரை முழுநிலா நாளில், இருபுறத்து மக்களும் அங்கே மலையேறி வழிபடுகின்றனர். பாட்டின் வழியே ஒருவரைக் கண்டறிதல் என்னும் பொருளைப் பற்றிப் பேச இம்மலைத் தொடரினும் பொருத்தமான இடம் வேறில்லை.

சுமையோடு வந்த பாட்டு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் மூணாறு எனப் பெயர் பெற்றது எம் ஊர். 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1880இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் இடத்தில் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. காட்டை அழித்துத் தோட்டமாக்கக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணிமார் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வானம் பார்த்த சிற்றூர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடிநாயக்கனூர் வரை வண்டியிலும், அதற்கு மேல் குரங்கணிக் காட்டு வழியே கால்நடையாகவும் குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறினர்.

தேயிலைப் பெட்டிகளைக் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை கொண்டு செல்ல 1908இல் சிற்றகல இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கோட்டைகுடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றது. கம்பெனி ஏடுகளில் பெட்டிகளுக்குக் கணக்கு இருந்தது, ஆட்களுக்கும் பேரேடு இருந்தது. அவர்களுடன் மலையேறி வந்த பாட்டுகளுக்கு மட்டும் கணக்கில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கும்மியும் கங்காணியின் அனுமதிச் சீட்டு இன்றியே மேலேறி வந்தன.

வந்த பாட்டு வந்தவாறே இருக்கவில்லை. நாற்று நடும்போது பாடியது கொழுந்து கிள்ளும்போது பாடப்பெற்றது. வெயிலைப் பழித்த அடி போய், விடாத மழையையும் அட்டைக் கடியையும் பழிக்கும் அடி அங்கே அமர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்த ஒருவர் எங்கோ ஒரு லயத்தில் இருந்திருத்தல் வேண்டும். நாட்டுப் பாடல் தானே முளைப்பதில்லை. அதனைக் கட்டியவர் இருக்கின்றார். அவர் யாரென்று நாம் கேட்பதில்லை, அவ்வளவே.

காவடிச் சிந்தும் கவிராயரும்

கேளாமலே தம் பெயரைச் சொல்லிச் சென்ற பாடகர் ஒருவரும் உளர். எம் இளமையில், மூணாற்றுச் சுப்பிரமணியசுவாமி கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்வோருடன் எம் பாட்டனாரும் பாடிக்கொண்டு செல்வார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பாட்டு மெதுவாகும். சமதளம் வந்ததும் துள்ளும். சொற்களில் பாதி எமக்கு விளங்கா. ஆயினும் அச்சந்தம் காலில் ஒட்டிக்கொள்ளும். அப்பாடல்களில் அடிக்கடி ஓர் ஊர்ப் பெயர் வரும். அது முருகன் எழுந்தருளிய தலம் போலும் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

பின்னர் அஞ்சல் வழியில் இளங்கலை படித்தபோது பாடநூலில் காவடிச் சிந்தைக் கண்டோம். அவ்வூர் முருகன் தலமன்று, பாட்டு இயற்றிய புலவரின் ஊர் என்று அன்றுதான் அறிந்தோம். சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள சென்னிகுளம் அது. புலவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்தவர். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடுவதற்கென்று இச்சிந்துகளை இயற்றினார் என்பர். 1891இல் இளமையிலேயே மறைந்தார். திரிபந்தாதி முதலிய அருஞ்செய்யுள்களையும் அவர் பாடியுள்ளார். அவற்றைப் புலவர் சிலரே அறிவர். காவடிச் சிந்தையோ எழுத்தறியாதவரும் அறிவர்.

அவர் மேற்கொண்ட உத்தி எளியது. தம் ஊரையும் பெயரையும் பாட்டின் அடிகளிலேயே பின்னிவைத்தார். கருநாடக இசையில் இதனை முத்திரை என்பர். ஏடு செல்லாத இடத்துக்கும் பாட்டு செல்லும். பாட்டு செல்லுமிடமெல்லாம் முத்திரையும் செல்லும். கழுகுமலை, கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களிலிருந்து மக்கள் மூணாற்றுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றபோது காவடியும் உடன் சென்றது, சிந்தும் உடன் சென்றது. எம் பாட்டனார் அண்ணாமலை ரெட்டியாரின் பெயரை நாள்தோறும் நாவால் உச்சரித்தவர். அப்பெயர்க்கு உரியவர் ஒருவர் தம் ஊர்ப்பக்கத்திலேயே வாழ்ந்தவர் என்பதை அறியாமலே அவர் மறைந்தார். அறிந்த அன்று அதனைச் சொல்வதற்கு அவர் இல்லையே என்னும் ஏக்கம் எமக்கு இன்றும் உண்டு.

சந்தையும் வானொலியும்

முத்திரை இல்லாத பாடகர்க்குப் பிற்காலத்தில் வேறு வழிகள் திறந்தன. முதலாவது, சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகம். ஆக்கியோனே ஊர் ஊராகப் பாடிக்கொண்டு செல்வதும், கேட்டு மயங்கியவர் கையில் சிறு நூலைத் திணித்துக் காசு பெறுவதும் அந்நாளைய வழக்கம். கேட்டவர் வீட்டுக்குப் பெயரும் அச்சில் சென்றது. வீட்டில் படிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவன் இருந்தால் போதும்.

இரண்டாவது வழி வானொலி. திருச்சி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. மலை முகடுகளில் திருநெல்வேலி ஒருநாள் கேட்கும், மறுநாள் கேளாது. இலங்கை வானொலியோ பக்கத்து வீட்டுக் குரல்போல் தெளிவாக வரும். பின்னாளில் கோடைக்கானல் பண்பலை அக்குறையைத் தீர்த்தது. வானொலி செய்த பெரும் மாற்றம் ஒன்று உண்டு. பாட்டின் முன்னும் பின்னும் பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொன்னார். தோட்டத்துப் பெண்கள் அடுப்பங்கரையிலிருந்தே, ஒரு கிராமியப் பாடகியைப் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

கொல்லங்குடி கருப்பாயியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடியைச் சேர்ந்த அவ்வம்மையாரின் குரலை முதலில் வானொலி கொண்டு வந்தது. 1985இல் பாண்டியராஜன் இயக்கிய ஆண்பாவம் திரைப்படத்தில் பாட்டியாக நடித்துத் தம் குரலிலேயே பாடினார். அப்படத்துக்குப் பின் அவர் முகம் தமிழர் வாழும் இடமெல்லாம் அறிமுகமாயிற்று. எம் லயத்தில் ஒலிநாடா வந்த புதிதில், அவர் குரலைக் கேட்ட மூதாட்டியர், இது நம் ஊர்ப்பக்கத்துக் குரல் என்று உரிமை கொண்டாடினர். 2025 ஜூன் மாதம், ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்து அவர் மறைந்தார். அவர் வழங்கிய பெயரிலேயே ஊர் முன் நிற்பதையும் கருதுக. அண்ணாமலை ரெட்டியார் அடியில் பொதிந்த முத்திரையைக் கருப்பாயி அம்மையார் பெயரிலேயே சுமந்தார்.

கடலுக்கு அப்பால் ஒரு சான்று

எம் உறவினரின் கொடிவழி இலங்கை மலைநாட்டிலும் உண்டு. மூணாற்றுக்கு ஆள் சேர்த்த அதே மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் சென்றனர். அங்கே தொழிலாளர்க்கு உழைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தாமே பாட்டு இயற்றித் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். நீண்ட சொற்பொழிவுக்கு நிற்காத கூட்டம் பாட்டுக்கு நின்றது. மக்களுக்கு முன்பே பழகிய மெட்டுகளில் அவர் தம் சொற்களை ஏற்றினார். கேட்டவர் அன்று மாலையே அவற்றைப் பாட முடிந்தது. இந்தியத் தொழிலாளரின் இடர்களைப் பாடிய அப்பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சேறின.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். அதற்குப் பின் அம்மையாரின் பெயர் மக்கள் நினைவில் மங்கிற்று. பல்லாண்டு கழித்துச் சாரல் நாடன் போன்ற மலையக ஆய்வாளர் பழைய அச்சுத் தாள்களைத் தேடி அவர் பணியை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். அச்சில் வந்த பாட்டுக்கே பெயரை மீட்க இவ்வளவு தேடல் வேண்டியிருந்தது. அச்சுக்கு வாராத பாட்டின் கதி என்ன?

தமிழகத்தில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்த பெரியோர் இவ்வினாவை எண்ணாமலில்லை. பெர்சி மாக்வின் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் மலையருவி என்னும் நூலாகப் பதிப்பித்தார். நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்களை வெளியிட்டபோது, பாடிக் கொடுத்தவர், சேகரித்தவர், இடம் ஆகியவற்றையும் பாடல்களோடு குறித்தார். சிறு குறிப்புத்தான். ஆனால் பின்னால் வருவோன் ஒருவன் ஆக்கியோன் வீட்டு வாயிலைத் தேடிச் செல்ல அதுவே வழிகாட்டி.

கேட்க மறந்த கேள்வி

இனி, எம் சொந்தக் குறையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணிபுரியும் நகரில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணப்பெண்ணை வழியனுப்பும் வேளையில் இளம்பெண் ஒருத்தி ஒரு பாட்டுப் பாடினாள். மழைமேகம் மலையை மூடியதால் மகள் சென்ற வழி தாய்க்குத் தெரியவில்லை என்பது அதன் பொருள். அங்கிருந்த பெண்டிர் கண்ணீர் உகுத்தனர். எமக்கோ கண்ணீரினும் வியப்பே மிகுந்தது. அது எம் லயத்தில் யாம் சிறுவயதில் கேட்ட பாட்டு! எங்கே கற்றாய் அம்மா என்று வினவினோம். வால்பாறையிலிருந்த தன் பாட்டி பாடுவார் என்றாள். யார் கட்டிய பாட்டு என்றோம். “பழைய பாட்டு சார், யாரும் கட்டல” என்றாள்.

அன்றிரவு ஊரிலிருந்த எம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துப் பாட்டின் முதலடியைச் சொன்னோம். அவர் சிரித்தார். “யாரும் கட்டாம எப்பிடிப்பா பாட்டு வரும்? நம்ம ரெண்டாம் லயத்துக்காரி கட்டினதுல்ல அது. மகளப் போடிப் பக்கம் கட்டிக் குடுத்துட்டு, மழ பெய்யுறப்பல்லாம் டாப் ஸ்டேஷன் பக்கமா பாத்துக்கிட்டு நிப்பா” என்றார். அம்மகளின் நாத்தனார் குடும்பம் பின்னர் வால்பாறைக்குப் பெயர்ந்ததாம். பாட்டு சென்ற வழி அதுவாக இருக்கலாம். அந்த அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டோம். தாயார் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். எல்லோரும் ரெண்டாம் லயத்துக்காரி என்றே அழைத்ததால், பெயர் நினைவில் இல்லை என்றார்.

யாம் மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாள்தோறும் வரும் ஒவ்வொரு தாளுக்கும் அனுப்பியவர் யார், எந்நாள் வந்தது, எவரிடம் சென்றது என்று பதிவேட்டில் எழுதுவது எம் தொழில். பெயரில்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவோம். அத்தகைய யாம், எம் வாசலுக்கு எதிரே இருந்து பாடிய ஒருவரின் பெயரைப் பதினெட்டு ஆண்டுகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இது எம் ஒருவர் குறை மட்டுமன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுப் பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் சாலையில் அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவர்கள் எழுப்பிய தமிழ் முழக்கங்கள் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றன. அவற்றை அவ்விடத்திலேயே இட்டுக்கட்டியவர்கள் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களே. முழக்கம் பதிவாயிற்று. இன்ன முழக்கம் இன்னார் கட்டியது என்னும் குறிப்பை எத்தனை பேர் எழுதி வைத்தனர்? 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பக்கத்து வேரினர். காவடிச் சிந்து பிறந்த மண்ணின் மக்கள். அந்த லயங்களில் எத்தனை தாலாட்டுகள் இருந்தன, அவற்றை யார் யார் கட்டினர் என்று இனி எவரைக் கேட்பது? உயிரிழப்பின் முன் பாட்டின் இழப்பைப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆயின் ஒரு பாட்டை அதனைக் கட்டியவரின் பெயரோடு நினைப்பது, அவரை ஓர் எண்ணாக அன்றி ஒரு மனிதராக நினைப்பதாகும்.

செய்யத்தக்கது

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்துள்ள நம் வீடுகளில் இன்றும் பாட்டியர் உளர். அவர்கள் பாடினால் கைப்பேசியில் பதிவு செய்ய நம் பிள்ளைகள் அறிவர். பதிவு செய்தபின் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்லுங்கள். இதனை உங்களுக்குப் பாடிக் காட்டியவர் யார்? எந்த ஊரில், எந்த வேலையின்போது? இதனைக் கட்டியவர் என்று யாரையேனும் சொல்வார்களா? மூன்றாம் வினாவுக்குப் பெரும்பாலும் விடை வாராது. முதலிரண்டுக்கும் வரும். அவ்விரண்டையும் பற்றிக்கொண்டு சென்றால் மூன்றாவதும் என்றேனும் கிட்டும். விடுமுறையில் ஊர் செல்வோர் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் போதும். சங்கத்தின் நூலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைக்கலாம் என்பதும் எம் வேண்டுகோள்.

யாம் எம் பங்கைத் தொடங்கிவிட்டோம். அத்திருமணப் பாட்டை முழுமையாக எழுதி, பாடிக் கொடுத்தவள், அவள் பாட்டியின் ஊர், எம் தாயார் சொன்ன செய்தி ஆகியவற்றைக் கீழே குறித்துள்ளோம். ஆக்கியோன் என்னும் இடத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. குறுந்தொகை தொகுத்த சான்றோர் காட்டிய வழி உண்டன்றோ? அவர்களை வணங்கி, அவ்விடத்தில் “இரண்டாம் லயத்தார்” என்று எழுதி வைத்தோம். அடுத்த முறை மூணாறு செல்லும்போது அவர் இயற்பெயரை அறிந்தவர் எவரேனும் கிடைத்தால், அதனையும் அருகே எழுதுவோம்.